ஐந்தாம் ஏரியானும் ஒரு கரும்பு வண்டியும்

(கட்டுரையாளர் 2011-இல் நம் கல்லூரியில் பொறியியல் பட்டம் பெற்றவர்)

"மலருக்கு நீயும் ஏதாவது எழுதுப்பா. வந்த கட்டுரையெல்லாம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தியே இருக்கு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கும் முதலில் அந்தச் சாம்பார்தான் ஞாபகம் வந்தது. (அதற்கு ஒரு தனி மலரே போடலாம்!) ஆனாலும் அண்ணன் பேச்சைத் தட்ட முடியாதே. யோசித்துப் பார்த்ததில், இறுதியாண்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. மென்பொருள் பொறியியல் பாடம். மின்விசிறி ஓடாது. பாதிப் பேர் தூங்குவோம். அந்த வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா ஓடுற புரோகிராம் ஒண்ணு, ஒரு எழுத்துகூட மாத்தாம, ஒரு ராக்கெட்டை வெடிக்க வெச்சுது. எப்படின்னு சொல்றவனுக்கு இன்டர்னல்ல பத்து மார்க்" என்றார். யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார். நான் அதைப் பரீட்சைக்குப் படித்து எழுதிவிட்டு மறந்தும் போனேன். இரண்டே வருடத்தில் அது என் வாசற்படிக்கே வந்து நின்றது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ராக்கெட்.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பிரெஞ்சு கயானா, அதில் கூரூ ஏவுதளம். ஐரோப்பிய விண்வெளி முகமை சுமார் பத்தாண்டு பாடுபட்டு உருவாக்கிய ஏரியான்-5 ராக்கெட்டின் முதல் பயணம் அன்றைக்கு. உள்ளே க்ளஸ்டர் என்ற பெயரில் நான்கு விண்கலங்கள். பூமியைச் சுற்றியுள்ள காந்த மண்டலத்தை நான்கும் சேர்ந்து பறந்து ஆராய வேண்டும் என்பது திட்டம். காலை எட்டரைக்கு மேல் கிளம்பியிருக்க வேண்டியது, பார்வைத் தெளிவு போதவில்லை என்று ஏழு நிமிடம் பாக்கி இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். வானம் தெளிந்ததும் 9 மணி 33 நிமிடம் 59 விநாடிக்கு முதன்மை இயந்திரத்தைப் பற்ற வைத்தார்கள்.

முப்பத்தாறு விநாடி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. 37-வது விநாடியில், அதாவது தரையை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய அரை நிமிடத்தில், ராக்கெட் திடீரென்று கழுத்தைத் திருப்பியது போலப் பாதையை விட்டு விலகியது. சுமார் 3,700 மீட்டர் உயரம். அந்த வேகத்தில் பக்கவாட்டில் திரும்பினால் காற்றே போதும், உடைத்துவிடும். பக்கத்து உந்திகள் பிய்த்துக்கொள்ள, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு வேலை செய்து, எல்லாம் நெருப்புப் பந்தாகி, சதுப்புக் காட்டில் கொட்டியது. நான்கு விண்கலங்களும் அதோடு போயின.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் ழாக்-லூயி லியோன்ஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. விபத்து நடந்து ஒன்றரை மாதத்தில், ஜூலை 19-ஆம் தேதியே அறிக்கை தயார். நம் ஊர்க் கமிஷன்களை நினைத்துப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை! அந்தச் சதுப்பு நிலத்தில் தேடி, வழிகாட்டிக் கருவிகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கடைசியாகச் செயலிழந்த கருவியின் நினைவகத்திலிருந்து கிடைத்த தகவலும் விசாரணைக்கு உதவியது.

அந்தக் கருவியைப் பற்றி நாலு வரி. ராக்கெட் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை லேசர் ஜைரோக்களையும் முடுக்கமானிகளையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்லும் பெட்டி அது. அதை எஸ்.ஆர்.ஐ. என்பார்கள். அது சொல்வதைக் கேட்டுத்தான் பிரதான கணினி உந்திகளின் வாயைத் திருப்புகிறது. பாதுகாப்புக்காக இப்படி இரண்டு பெட்டிகள். ஒன்று வேலை செய்யும், மற்றது கூடவே ஓடிக்கொண்டு தயாராக நிற்கும். இரண்டும் ஒரே வன்பொருள், ஒரே மென்பொருள்.

இந்த மென்பொருள் புதிதாக எழுதியது அல்ல. ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து வந்தது. ஏரியான்-4 என்பது 1988-லிருந்து பறந்து நல்ல பெயர் வாங்கிய வண்டி. அதில் நன்றாக ஓடியதை இதிலும் வைத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்?

வெடிப்புக்குக் காரணமான வரி இதுதான்: 64-பிட் பின்ன எண் ஒன்றை 16-பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு கட்டளை. 16-பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஆழாக்குப் படியில் மரக்கால் நெல்லைக் கொட்டிய கதை. ராக்கெட்டின் கிடைவாட்டு வேகத்தோடு தொடர்புள்ள ஓர் அளவு அது. அந்த எண் எல்லையைத் தாண்டியதும், மொழி (ஏடா என்ற மொழி) பிழை என்று கூவியது. அந்தக் கூவலைக் கேட்டுச் சமாளிக்க அங்கே யாரும் இல்லை. பெட்டி தன்னை நிறுத்திக்கொண்டது.

தயாராக நின்ற மற்றப் பெட்டி? அது அதற்கு முன்னாலேயே, 72 மில்லி விநாடி முன்பு, அதே காரணத்துக்காக நின்றுபோயிருந்தது! ஒரே மென்பொருள் இரண்டு பிரதி என்றால், தப்பும் இரண்டு பிரதி. இரட்டைப் பிள்ளைகள் ஒரே நாளில் அம்மை போட்டுப் படுத்த மாதிரி. வன்பொருள் தற்செயலாகப் பழுதாகும், அப்போது மற்றது கைகொடுக்கும் என்ற எண்ணத்தில் போட்ட ஏற்பாடு அது. மென்பொருள் தற்செயலாகப் பழுதாவதில்லை என்பது அந்தக் கட்டமைப்பில் இடம்பெறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விபரீதம். நின்றுபோன பெட்டி, 'எனக்கு இன்ன கோளாறு' என்று ஒரு குறிப்பை அனுப்பியது. பிரதான கணினி அதைப் பறத்தல் தகவல் என்றே எடுத்துக்கொண்டது. 'ஐயோ, ராக்கெட் பயங்கரமாகச் சாய்ந்துவிட்டது' என்று நினைத்து, சாயாத ராக்கெட்டை நிமிர்த்துவதற்காக உந்திகளின் வாயை முழுக்கத் திருப்பியது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட் அப்போதுதான் சாய்ந்தது.

இங்கே நிறுத்தினால் இது 16-பிட் கதை. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. 'ஒரு எண்ணை மாற்றத் தெரியாமல் ராக்கெட்டை விட்டார்கள்' என்று சிரித்தார்கள். லியோன்ஸ் குழு அங்கே நிற்கவில்லை. அந்த வரி அந்த நேரத்தில் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டது. என் கட்டுரையின் மையமே இந்தக் கேள்விதான்.

ஏனென்றால் அந்த வரி இருந்த பகுதிக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது! தரையில் நிற்கும்போது பெட்டியைப் பூமிக்கு நேராகச் சீர் செய்யும் கணக்கு அது. கிளம்பிய பிறகு அதன் விடைக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் ஏன் ஓடியது?

பழைய ஏரியான் ராக்கெட்டுகளில் எண்ணிக்கை கடைசி நேரத்தில் நிற்பது உண்டு. ஏரியான்-4-இல் ஒன்பது விநாடி பாக்கி இருக்கும்போது பெட்டி பறத்தல் நிலைக்கு மாறும். ஐந்து விநாடி பாக்கி இருக்கும்போது வேறு சில காரியங்கள் ஆரம்பமாகிவிடும், அதற்குப் பிறகு நிறுத்தினால் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம். இந்த ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில் எண்ணிக்கை நின்றால் என்ன செய்வது? பெட்டியைத் திரும்பச் சீர் செய்ய முக்கால் மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும், அன்றைக்கு ஏவும் நேரமே போய்விடலாம். அதனால் ஒரு யுக்தி செய்தார்கள். பறத்தல் நிலைக்குப் போன பிறகும் ஐம்பது விநாடி இந்தச் சீர் செய்யும் கணக்கு சும்மா ஓடிக்கொண்டே இருக்கட்டும், தரைக் கருவிகள் மறுபடியும் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். 1989-இல் 33-வது பயணத்தின்போது அது ஒருமுறை பயன்பட்டது. ஒரே ஒருமுறை.

ஏரியான்-5-இல் ஏவும் முன்னேற்பாடுகளின் வரிசையே வேறு. அந்த அவகாசம் தேவையே இல்லை. தேவை செத்துப்போனது, கோடு உயிரோடு இருந்தது. நன்றாக ஓடும் மென்பொருளில் அவசியம் இல்லாமல் கை வைப்பது புத்திசாலித்தனம் அல்ல என்ற கருத்தில்தான் அதை அப்படியே விட்டுவைத்ததாக அறிக்கை சொல்கிறது. இந்த வாக்கியத்தை நம்மில் யார் சொல்லவில்லை?

சரி, ஏரியான்-4-இலும் அந்தக் கணக்கு ஓடியதே, அங்கே ஏன் வெடிக்கவில்லை? அந்த ராக்கெட் மெதுவாக, செங்குத்தாக ஏறும். ஏரியான்-5 ஆரம்பத்திலேயே சாய்ந்து போகும், கிடைவாட்டு வேகம் ஐந்து மடங்கு வேகமாகக் கூடும். ஆகவே பழைய வண்டியில் எட்டவே எட்டாத எண், இந்த வண்டியில் எட்டிவிட்டது.

இன்னொன்று. இப்படி எல்லை தாண்டக்கூடிய மாறிகள் ஏழு என்று முன்பே கண்டுபிடித்து, நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். மூன்றுக்குப் போடவில்லை. கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். அதற்குள் அடக்க வேண்டும். மூன்றும் இயற்பியல் ரீதியாகவே எல்லைக்குள் இருக்கும் அல்லது தாராளமாக இடம் இருக்கிறது என்று விவாதித்து, சம்மதித்து விட்டார்கள். பழைய பாதைக்கு அது சரிதான். ஆனால் ஏன் விட்டோம் என்ற காரணம் கோடில் எழுதப்படவில்லை. மலை மாதிரி இருந்த ஆவணங்களுக்குள் அது கண்ணுக்குப் படாமல் போயிற்று. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

சோதனையில் பிடிபட்டிருக்காதா? பிடிபட்டிருக்கும். ஆனால் எஸ்.ஆர்.ஐ. பெட்டிக்கான தேவை ஆவணத்தில் ஏரியான்-5-இன் பாதை விவரமே சேர்க்கப்படவில்லை. முழு அமைப்பையும் சேர்த்துச் செய்த சோதனைகளில் உண்மையான பெட்டிக்குப் பதிலாக, பெட்டி இப்படித்தான் சொல்லும் என்று செயற்கையாகத் தயாரித்த தகவலை வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வராமல் போட்டோவை வைத்து நிச்சயம் செய்தது போல. பெட்டி ஏற்கெனவே ஏரியான்-4-இல் தேறியதுதானே!

இதைப் பற்றி அப்போது நல்ல சண்டையே நடந்தது. பெர்ட்ரண்ட் மேயர், ழான்-மார்க் ஜெஸெகெல் என்ற இருவர் 1997 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு பகுதியும் 'எனக்கு இன்ன எல்லைக்குள் எண் கொடுத்தால்தான் நான் வேலை செய்வேன்' என்று ஓர் ஒப்பந்தமாகக் கோடிலேயே எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள், எழுதினால் மட்டும் போதுமா, புதிய பாதையோடு அதை யார் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று மடக்கினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பாதி சரியாகப் படுகிறது. எழுதியிருந்தால் ஒருவேளை யாராவது படித்திருப்பார்கள். எழுதாததை யாரும் படிக்க முடியாது, அது மட்டும் நிச்சயம்.

இது அவர்களுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. டேவிட் பார்னாஸ் 1972-லேயே, எது எது மாறக்கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைக்கும்படி மென்பொருளைப் பிரிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 2001-இல் பஷார் நுசெய்பே இரட்டைச் சிகரம் என்று ஒரு படம் வரைந்து காட்டினார். தேவை ஒரு சிகரம், கட்டமைப்பு ஒரு சிகரம், இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி நடந்துகொண்டே ஏற வேண்டும், ஒன்றை முடித்து மூடிவிட்டு மற்றதற்குப் போக முடியாது. வகுப்பில் நாங்கள் படித்த அருவி முறையில் தேவை ஆவணம் முதல் மாதமே கையெழுத்தாகிப் பீரோவுக்குள் போய்விடும்!

இனி என் கதை.

படித்து முடித்து ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். ஒரு சர்க்கரை ஆலைக்கு எழுதியது பல வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2013-இல் வேறொரு ஆலை கேட்டது. பழையதை எடுத்து மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பழைய ஆலையில் ஒரே எடைமேடை. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் ராத்திரி பகலாக வரிசையில் நிற்கும். ஒவ்வொரு நடைக்கும் பாரத்தோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை ஏற்றினால் வரிசை ஊரைத் தாண்டிவிடும். அதனால் காலை முதல் நடையில் மட்டும் காலி எடை எடுத்து, டிராக்டர் நம்பரோடு சேர்த்து 24 மணி நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி யாரோ ஒரு சீனியர் எழுதியிருந்தார். புதிய ஆலையில் உள்ளே வர ஒரு மேடை, வெளியே போக ஒரு மேடை. ஒவ்வொரு நடைக்கும் காலி எடை எடுக்க வேண்டும் என்று தேவை ஆவணத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. நான் வெளியேறும் மேடைக்குப் புதிய திரை எழுதினேன். அடியில் இருந்த 24 மணி நேர ஞாபகத்தைத் தொடவில்லை. "சார், இது எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். "ஓடுற கோடுல கை வைக்காதப்பா" என்றார்கள். அந்தச் சீனியர் அதற்குள் துபாய் போய்விட்டிருந்தார்.

சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. வராமல் என்ன? ஒரு வண்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏற்றிச் சோதித்தோம். தப்பு இரண்டாவது நடையில் இருந்தது. அன்றைக்கு ஏற்கெனவே காலி எடை பதிவாகியிருந்தால், உள்ளே வரும்போதே பழைய ஞாபகம் விழித்துக்கொண்டு, கழித்துக் கணக்குப் போட்டு, சீட்டையும் அடித்துவிடும். சீட்டு கையில் இருப்பதைப் பார்த்து வெளி மேடைக்காரரும் வண்டியை விட்டுவிடுவார். அதே டிராக்டர், அதே டிரெய்லர் என்றால் எடை பொருந்திவிடும், யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் நான் ஆலையில் வேறொரு வேலையாக இருந்தபோது, வயதான விவசாயி ஒருவர் சீட்டோடு வந்து நின்றார். "தம்பி, இதுல ஏதோ தப்பு இருக்கு."

"இல்லீங்க ஐயா, கம்ப்யூட்டர் போட்டது. தப்பா வராது" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"காலைல வந்த டிரெய்லர் அச்சு முறிஞ்சு ரோட்டோரம் கெடக்கு. இது என் மச்சான் டிரெய்லர், சின்னது. ரெண்டுக்கும் ஒரே காலி எடைன்னு போட்டிருக்கு பாருங்க. இதை எப்ப ஏத்தி எடை போட்டீங்க?"

போடவே இல்லை! மேடையில் ஏற்றிப் பார்த்தோம். 420 கிலோ வித்தியாசம். அத்தனையும் அவர் வெட்டிக் கொண்டுவந்த கரும்பு.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மதிய வகுப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேவை போய்விட்டது, கோடு இருக்கிறது. புதிய பாதையில் சோதிக்கவில்லை. காரணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றையும் நானே செய்திருக்கிறேன், அதுவும் பரீட்சையில் மார்க் வாங்கிய பிறகு.

மூன்று வாரத்து இரண்டாம் நடைச் சீட்டுகளில் எது சரி, எது தப்பு என்று பிரிக்க வழியே இல்லை. காலி எடைதான் எடுக்கவே இல்லையே. கடைசியில் ஆலையின் கணக்கு அதிகாரி ஒரு முடிவு சொன்னார். இருக்கிற டிரெய்லர்களிலேயே லேசானதன் எடையைக் கழித்து, கூடுதல் வருவதை எல்லா விவசாயிகளின் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பணத்தில் பாதி எங்கள் கம்பெனியின் பில்லில் பிடிபட்டது. எனக்கு அந்த வருட இன்கிரிமென்ட் இல்லை. "கை வைக்காதப்பா" என்று சொன்னவருக்கு இருந்தது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்து வைக்கிறேன்!

லியோன்ஸ் அறிக்கையை அதற்குப் பிறகுதான் முழுக்கப் படித்தேன். ஒருவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. பரிந்துரைகளில் முதலாவது, கிளம்பியவுடன் அந்தச் சீர் செய்யும் கணக்கை நிறுத்துங்கள், பொதுவாகவே தேவையில்லாத எதுவும் பறக்கும்போது ஓடக்கூடாது என்பது. எனக்குப் பிடித்தது வேறொன்று. கோடுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை, அந்தக் கோடு ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கும் ஆவணத்துக்கும் கொடுங்கள், ஒன்று மாறினால் மற்றதும் மாறும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏரியான்-5 பிழைத்துக்கொண்டது. 1997 அக்டோபரில் பாதி வெற்றி, 1998 அக்டோபரில் முழு வெற்றி. நம் நாட்டு இன்சாட்-3பி 2000 மார்ச்சில் மேலே போனதும் அதில்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2021 கிறிஸ்துமஸ் அன்று அதுதான் கொண்டுபோய் விட்டது. 2023 ஜூலை 5-இல் 117-வது பயணத்தோடு ஓய்வு பெற்றது. எரிந்துபோன க்ளஸ்டர்களுக்குப் பதிலாக நான்கு விண்கலங்களை மறுபடியும் தயார் செய்து, 2000-இல் பைக்கனூரிலிருந்து இரண்டு இரண்டாக ரஷ்ய சோயூஸ் ராக்கெட்டில் அனுப்பினார்கள். அவற்றில் சல்ஸா என்பது 2024 செப்டம்பரில்தான் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து விழுந்தது.

எங்கள் எடைமேடை மென்பொருளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நாற்பது பக்க அன்ரூல்டு நோட்டு. ஒவ்வொரு விசேஷ ஏற்பாட்டுக்கும் ஒரு பக்கம்: யார் கேட்டார்கள், எதற்காக, எது மாறினால் இதை எடுத்துவிடலாம். பழைய கோடைத் துருவியதில், ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதவை ஆறு அகப்பட்டன. துபாய்க்கு போன் போட்டு நான்குக்குக் காரணம் கேட்டு எழுதினேன். அதில் மூன்று இனித் தேவையில்லை என்று தெரிந்து நீக்கினோம். ஐந்தாவதை நானே ஊகித்தேன். ஆறாவது, பூஜ்யத்துக்குக் கீழே எடை காட்டினால் ஏழு விநாடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி. அது ஏன் ஏழு என்று அந்தச் சீனியருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.